பதினோராவது கடைக்கு இடமில்லை

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள் ஏழு பேர். மலையாளம் பேசும் தலைநகரத்தில், தமிழ் வியாபாரிகள் நிறைந்த ஆரியசாலைத் தெருவில் இருந்த ஒரு மொத்த வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர், வற்றல் மிளகாய்க் கடை வைத்திருந்த பொருளாளர், கமிட்டி உறுப்பினர்கள் மூன்று பேர், கம்ப்யூட்டர் விற்கும் கம்பெனியிலிருந்து டை கட்டிக்கொண்டு வந்த விற்பனைப் பிரதிநிதி, பிறகு, நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாக நின்ற நான். வராதவர்கள் என்று பார்த்தால், சங்கத் தலைவர் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கத் திருநெல்வேலி போயிருந்தார். எங்கள் பில் புரோகிராமை எழுதிய புரோகிராமருக்கு வித்துராவிலிருந்து பஸ் கிடைக்கவில்லை. இன்னும் இருபத்திரண்டு பேர் வரவில்லை. சங்கத்து உறுப்பினர்களின் இருபத்திரண்டு கடைகளிலும் மெஷின் முன்னால் உட்கார்ந்து பில் போடப் போகிற பெண்கள் அவர்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

புதிய நூற்றாண்டு பிறந்த சமயம் அது. இருபத்திரண்டு கடைகளுக்கும் சேர்த்து ஒரே பொதுக் கிடங்கு. ஒரு கடையில் பத்து மூட்டை துவரம்பருப்பை விற்றிருப்பார்கள். அதே பத்து மூட்டையை நாலு கடை தள்ளி இன்னொருவரும் விற்றிருப்பார். சாயங்காலம் கிடங்கு வாசலில் சண்டை. இதற்கு முடிவு கட்டத்தான் சங்க அறையில் ஒரு சர்வர் வைத்து, மாடிகளின் மேலாகக் கம்பி இழுத்து, எல்லாக் கடைகளையும் அதில் இணைப்பது என்று தீர்மானித்தார்கள். இரும்புப் பெட்டி மாதிரி சர்வர் வந்து இறங்கியாயிற்று. அதில் எந்த ஆபரேட்டிங் சிஸ்டம் போடுவது, அதிலும் எந்த எடிஷன் வாங்குவது என்பதுதான் அன்றைய கேள்வி.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே ஆறு மாதத் தற்காலிக வேலையில் இருந்தேன். ஐந்து மாதம் முடிந்திருந்தது. செயலாளர் என்னிடம் கம்பெனியின் கொட்டேஷனைக் கொடுத்து, படித்துப் பார்த்து ஒரு குறிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். சரியாக அமைந்தால் அடுத்த மாதத்திலிருந்து வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் கம்பெனிக்காரர்களே பராமரிப்புக்கு ஆள் அனுப்புவார்கள், சங்கத்துக்குத் தனியாக ஒரு ஆள் தேவைப்படாது. அவர் இதை மிரட்டலாகச் சொல்லவில்லை. கிடங்கில் இடம் இருக்கிறது, இல்லை என்று சொல்கிற அதே குரலில்தான் சொன்னார்.

என் அப்பா சாலை பஜாரில் சுமடு எடுக்கிறவர், மூட்டை தூக்கும் கூலி. அம்மா ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவினாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. ரேஷன் அட்டை, கரண்ட் பில், மாத்திரை அட்டையின் பின்னால் இருக்கும் பொடி எழுத்து என்று வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் சிறு வயதிலிருந்து நான்தான் படித்துச் சொல்வேன். அப்பா எங்கேயும் கைநாட்டுதான். எங்கள் வீட்டிலிருந்து ஒரு காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டு, அதை நம்பி நாலு பேர் காசை இறக்குவது அதுவே முதல் தடவை.

கொட்டேஷனில் பெரிய எடிஷன் போட்டிருந்தது. அட்வான்ஸ்டு என்று பெயர். அதோடு ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு லைசென்ஸ், பின்னால் கடைகள் கூடினால் இருக்கட்டும் என்று மூன்று அதிகமாக, ஆக இருபத்தைந்து. மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம் ரூபாய். பிரதிநிதியிடம் லைசென்ஸ் விதிகள் அடங்கிய சின்னப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இதுவரைக்கும் இதை யாரும் கேட்டதில்லை என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார். மூன்று நாள் மத்தியானம் நூலகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு அதைப் படித்தேன். ஒரு வரியில் ஆறு சொல்லுக்கு அர்த்தம் பார்க்க வேண்டியிருந்தது. ஆனால் படிக்கப் படிக்க ஒன்று தெளிவாயிற்று. பெரிய எடிஷன் எட்டு பிராசசர் உள்ள மெஷினுக்கு. எங்கள் பெட்டியில் இருந்தது ஒன்று. இரண்டு சர்வர்களைச் சேர்த்துக் கட்டி, ஒன்று விழுந்தால் மற்றது எழுந்து வேலை பார்க்கும் வசதி அதில் உண்டு. எங்களிடம் இருந்ததே ஒரு சர்வர். ஆகவே சாதாரண எடிஷன் போதும்.

கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாரும் மறுக்கவில்லை. பிரதிநிதியே தலையாட்டினார். காப்பி சிடி ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கிறதே என்று ஓர் உறுப்பினர் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். சங்கத்துக்கு வருஷா வருஷம் ஆடிட் வருகிறது, அந்தப் பேச்சே வேண்டாம் என்று செயலாளர் முடித்துவிட்டார். என் நண்பன் ஒருவன் காசே இல்லாமல் கிடைக்கும் இன்னொரு சிஸ்டத்தைப் பற்றிச் சொல்லியிருந்தான். அதையும் எழுதியிருந்தேன். ஆனால் அதைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆள் அந்தத் தெருவில் யாரும் இல்லை, நானே அடுத்த மாதம் இருப்பேனா தெரியாது என்பதால் அதை நானே தள்ளிவைத்திருந்தேன்.

சிக்கல் லைசென்ஸில்தான் வந்தது. சர்வரோடு இணைகிற ஒவ்வொரு மெஷினுக்கும் ஏன் தனியாகக் காசு என்று பொருளாளருக்குப் புரியவில்லை. மெஷினும் நம்முடையது, கம்பியும் நம்முடையது, சர்வருக்கும் காசு கொடுத்தாயிற்று, அப்புறம் என்ன என்று கேட்டார். நான் அகராதியில் பார்த்த சொற்களையெல்லாம் வைத்து விளக்கினேன். பிரதிநிதி இங்கிலீஷில் விளக்கினார். இன்னும் குழம்பியது. அப்போது பொருளாளரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அட, இது நோக்குகூலில்லா! இத முதல்லயே சொல்லுததுக்கு என்ன?”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லாரியிலிருந்து மூட்டையைக் கடை ஆட்களே இறக்கினாலும், அந்த இடத்துச் சுமட்டுக்காரர்கள் பக்கத்தில் நின்று பார்த்ததற்கு ஒரு கூலி வாங்குவார்கள். பார்த்ததற்கான கூலி, அதனால் நோக்குகூலி. ஊரில் அதைத் திட்டாத வியாபாரி கிடையாது. நானும் சிரித்தேன். ஆனால் எங்கள் வீட்டு அரிசியிலும் அந்தக் கூலி கலந்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். பொருளாளருக்கும் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “உங்கப்பாவச் சொல்லல தம்பி. அவரு பார்த்துட்டு நிக்கிற ஆளு இல்ல” என்றார். அதற்காக அன்றைக்கே மனதுக்குள் அவருக்கு நன்றி சொன்னேன்.

அதன் பிறகு கமிட்டிக்கு எல்லாம் விளங்கியது. எண்ணுவதற்கு இரண்டு வழி உண்டு என்றேன். இருக்கிற மெஷின் ஒவ்வொன்றுக்கும் கட்டுவது ஒன்று. ஒரே நேரத்தில் எத்தனை மெஷின் சர்வரோடு இணைந்திருக்கிறதோ அத்தனைக்கு மட்டும் கட்டுவது இன்னொன்று. நான் மூன்று நாள் தெருவில் நடந்து கடை கடையாகப் பார்த்திருந்தேன். அப்போது மெஷின்கள் சர்வரில் இணையாமல் தனித்தனியாகத்தான் ஓடின. எந்த நேரத்தில் எண்ணினாலும் பில் அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஏழு பேருக்கு மேல் இல்லை. மூன்று கூட்டிப் பத்து என்று எழுதியிருந்தேன். சாதாரண எடிஷன், பத்து கனெக்ஷன். பொருளாளர் என் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்து, மை காய்ந்துவிட்டதா என்று கேட்டார். கூட்டம் முடிந்தது.

தொடங்குவதற்கு ஒரு நல்ல நாள் பார்த்தார்கள். காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை நல்ல நேரம். ஆரியசாலையில் கடை திறந்ததும் விளக்கேற்றி, தராசுக்கும் கல்லாப்பெட்டிக்கும் சூடம் காட்டுவார்கள். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதற்கும் சந்தனம், குங்குமம், சூடம். அன்றைக்கு இருபத்திரண்டு கடைகளிலும் ஒன்பதேகாலுக்குச் சூடம் காட்டி ஒரே சமயத்தில் மெஷினைப் போட்டு, புரோகிராமைத் திறந்தார்கள். நான் சங்க அறையில் சர்வர் முன்னால் உட்கார்ந்து கனெக்ஷன்களை எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு, ஏழு, ஒன்பது, பத்து. அதோடு நின்றுவிட்டது.

போன் அடித்தது. பொருளாளர்.

“தம்பி, எங்கடை மெஷின்ல இங்கிலீசுல ஏதோ வருது. இந்தப் பிள்ள வாசிச்சுச் சொல்லுது, இடமில்லையாம். நான் பொருளாளர் தானவே? என்னயே வெளிய நிக்கச் சொல்லுது உம்ம சர்வர்.”

பதினோராவதாக இணைய வந்தது அவருடைய கடை. அடுத்த பத்து நிமிஷத்தில் இன்னும் பதினொரு கடைகளிலிருந்து ஆள் வந்துவிட்டது. கொஞ்சம் பொறுங்கள், முதலில் போட்டவர்கள் பில் முடித்ததும் இடம் கிடைக்கும் என்று சமாதானம் சொன்னேன். பதினொரு மணிவரை பார்த்தேன். பத்து அசையவே இல்லை. திறந்திருந்த பத்துக் கடைகளுக்கும் ஓடினேன். இரண்டில்தான் பில் அடித்துக்கொண்டிருந்தார்கள். மற்ற எட்டிலும் புரோகிராம் திறந்தபடி சும்மா இருந்தது. மூடச் சொன்னேன். யாரும் மூடவில்லை. சூடம் காட்டித் திறந்ததைச் சாயங்காலம் கடை சாத்தும்போதுதான் அணைப்பார்கள். நடுவில் ஸ்க்ரீன் கறுத்தால் வியாபாரம் படுத்துவிடும். ஒரு பருப்புக்கடை முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டியையும் பூட்டிச் சாவியை உன்னிடம் தரவா என்று கேட்டார்.

திரும்பி வந்து சர்வர் முன்னால் உட்கார்ந்தேன். பன்னிரண்டு கடைகள் அன்று பழையபடி கையால் பில் எழுதின. அந்த அறையில் நான் மட்டும்தான். கண்ட்ரோல் பேனலில் ஒரு தேர்வு இருந்தது. ஒரே நேரத்துக் கணக்கை மாற்றி, மெஷினுக்கு ஒன்று என்ற கணக்கில் வைத்துவிட்டால், சர்வர் யாரையும் நிறுத்தாது. எண்ணுவதை விட்டுவிடும். ஒரே ஒரு கிளிக். இருபத்திரண்டு கடைகளும் உள்ளே வந்துவிடும், பொருளாளர் சிரிப்பார், அடுத்த மாதம் என் வேலை நிரந்தரம். எங்களிடம் இருப்பது பத்துக்குத்தான் லைசென்ஸ் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தச் சின்னப் புத்தகத்தை அந்தத் தெருவில் படித்தவன் நான் ஒருவன்தானே.

மௌஸில் கையை வைத்துவிட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். படித்தது நான் ஒருவன் என்பதே பிறகு என்னை நிறுத்தியது. வீட்டில் அப்பா எந்தக் காகிதத்தை நீட்டினாலும் நான் சொல்வதுதான் அதில் இருப்பது என்று நம்புவார். இங்கேயும் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேர் அப்படியே நம்பியிருக்கிறார்கள். போனை எடுத்து விற்பனைப் பிரதிநிதியைக் கூப்பிட்டேன். ஊருக்கு வெளியே, கம்ப்யூட்டர் கம்பெனிகள் இருக்கும் கழக்கூட்டத்து ஆபீசில் இருந்தார். நடந்ததைச் சொல்லி, அந்தக் கிளிக்கைப் பற்றியும் கேட்டேன். மாற்றிக்கொள், மீதி லைசென்ஸை வாங்கிவிடு என்று அவர் சொல்லியிருந்தால் அவருக்குத்தான் லாபம். ஆனால் அவர் அவசரமாகக் குரலை உயர்த்தி, “தொடண்டா அனியா, போயால் திரிச்சு வரில்ல” என்றார். தொடாதே தம்பி, போனால் திரும்பி வராது. ஒருமுறை அப்படி மாற்றினால் பழைய கணக்குக்குத் திரும்ப முடியாது, முதலில் ஏன் பத்தும் காலியாகவில்லை என்று கண்டுபிடி என்றார். அவர் டையைப் பார்த்து நான் நினைத்திருந்ததற்கெல்லாம் வெட்கப்பட்டேன்.

ஏன் காலியாகவில்லை என்பது மத்தியானம் வற்றல் கடையில் தெரிந்தது. பொருளாளர் சாப்பிடப் போயிருந்தார். பில் போடும் பெண் கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நாகர்கோவில் பக்கத்துக் குடும்பம், படித்ததெல்லாம் இங்கே மலையாளத்தில். என்னைவிட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். என்னை சாரே என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். எல்லாரும் பில் முடித்ததும் மெஷினை அணைத்தால் போதும், ஆனால் கேட்க மாட்டேன் என்கிறார்களே என்று அவளிடம் புலம்பினேன்.

“மெஷின அணைச்சா முதலாளி எங்களல்லோ வழக்கு பறைவாரு, ஏசுவாரு சாரே. நீங்க எங்ககிட்டயா கேட்டீங்க, பார்த்துட்டுப் போனீங்க. நாங்க அடிக்கும்போது எண்ணுனீங்க. அடிக்காம இருக்கும்போதும் நாங்க இவிட தன்னே இருந்தோம்.”

அந்த இடத்தில் எனக்குக் காது சூடாகிவிட்டது. நோக்குகூலி என்று எல்லோரோடும் சேர்ந்து சிரித்தவன் நான். சுமை தூக்குகிறவனுக்கு மட்டுமல்ல, நிற்கிறவனுக்கும் எண்ணிக்கை உண்டு என்பதை வைத்துச் சோறு பொங்கிய வீட்டில் வளர்ந்தவன். தெருவில் போய் எண்ணும்போது மட்டும் தூக்கியவர்களை எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். மெஷின் சும்மா நின்றாலும் புரோகிராம் திறந்திருந்தால் சர்வரில் அதற்கு ஒரு இடம் போய்விடும். புத்தகத்தில் அது இருந்தது. அகராதி பார்த்து அடிக்கோடு போட்ட வரிதான்.

அவள் அதோடு விடவில்லை. மெஷினை அணைக்க வேண்டாம், பில் முடிந்ததும் புரோகிராமிலிருந்து மட்டும் வெளியே வந்தால் போதாதா என்று கேட்டாள். போதும், ஆனால் வெளியே வந்தால் ஸ்க்ரீன் கறுத்துவிடுகிறதே என்றேன். “கறுப்புக்குப் பதிலா அவிட ஒரு விளக்குப் படம் இட்டா?” என்றாள். தினமும் காலையில் அவள் ஏற்றுகிற பித்தளைக் குத்துவிளக்கைக் கையால் காட்டினாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் கடை திறந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மறுநாள் புரோகிராமர் வித்துராவிலிருந்து வந்து சேர்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, முடியும் என்றார். மூன்று நிமிஷம் யாரும் எதுவும் அடிக்காவிட்டால் புரோகிராம் தானாகவே ஃபைல்களை மூடி, சர்வரோடு இருக்கும் தொடர்பை விட்டுவிட்டு, விளக்கைக் காட்டும். ஒரு கீயைத் தட்டினால் மறுபடி உள்ளே போய்விடும். வற்றல் கடை விளக்கை ஸ்டுடியோக்காரர் ஒருவர் படம் பிடித்து ஸ்கேன் செய்து கொடுத்தார். திரி நடுவில் அசைந்து சுடர் கொஞ்சம் சாய்ந்துவிட்டது. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம். அடுத்த வாரத்தில் ஆரியசாலையில் பார்க்கிற கடையிலெல்லாம் அதே சாய்ந்த சுடர்.

ஒரு வாரம் சர்வர் முன்னால் உட்கார்ந்து எண்ணினேன். வழக்கமாக எட்டு, ஒன்பது. மாத முதல் தேதியன்று மட்டும் பதின்மூன்று பேர் ஒரே சமயத்தில் வந்தார்கள், மூன்று பேர் வெளியே நின்றார்கள். ஆக, என் கணக்கு இன்னும் பற்றாது. அதையும் எழுதினேன். தப்பு எங்கே நடந்தது, யாரிடம் கேட்காமல் விட்டேன், விளக்கு யாருடைய யோசனை என்று எல்லாவற்றையும் எழுதி, இன்னும் ஐந்து கனெக்ஷன் வாங்க வேண்டும் என்று முடித்துக் கையெழுத்துப் போட்டேன். முதல் கையெழுத்தைவிட அது சின்னதாக விழுந்தது.

இரண்டாவது கூட்டத்துக்குத் தலைவர் வந்திருந்தார். புரோகிராமர் வந்திருந்தார். செயலாளரிடம் சொல்லி அந்தப் பெண்ணையும் கூப்பிட வைத்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள், அதனால் நானும் உட்கார்ந்தேன். செயலாளர் என் குறிப்பை உரக்கப் படித்தார். தப்பு இருந்த பத்தியில் குரலைத் தாழ்த்துவார் என்று நினைத்தேன், தாழ்த்தவில்லை. என் வேலை போயிற்று என்றே முடிவு செய்துவிட்டேன்.

பொருளாளர்தான் தொண்டையைச் செருமினார். “அப்போ மாசப் பிறப்புக்கு மூணு பேரு நிக்கான். சரி, நிக்கவனுக்கும் குடுத்துருவோம்” என்றார். பிறகு செயலாளர் பக்கம் திரும்பி, தன் தப்பைத் தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஆளை அனுப்பிவிட்டு, தப்பை ஒளிக்கத் தெரிந்த ஆளைப் பராமரிப்புக்கு வைக்கப் போகிறோமா என்று கேட்டார். அவ்வளவுதான். என் வேலையைப் பற்றி அந்தக் கூட்டத்தில் நடந்த விவாதம் அந்த ஒரு வாக்கியம். அடுத்த மாதம் முதல் தேதி வந்த கடிதத்தை அப்பாவுக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். பத்து லைசென்ஸ் போதும் என்று தப்பாகச் சொல்லியும் வேலை கொடுத்தார்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். கடிதத்தை வாங்கியவர் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்து, கையை வேட்டியில் துடைத்துவிட்டு, மறுபடி வாங்கினார்.

நான்கு வருஷம் அங்கே இருந்தேன். இப்போது நானும் கழக்கூட்டத்துக்கு பஸ் ஏறுகிறேன். ஆபீசில் பெரிய பெரிய சர்வர்களுக்கு எடிஷன் தேர்ந்தெடுக்கிற கூட்டங்களில் உட்கார்கிறேன். கூட்டம் தொடங்கும் முன் யார் வரவில்லை என்று பார்ப்பது என் பழக்கமாகிவிட்டது. அதை எனக்குக் கொடுத்த அந்தப் பெண்ணுக்கும், போனில் என் கையைத் தடுத்த அந்தப் பிரதிநிதிக்கும், பதினோராவதாக வெளியே நின்ற பொருளாளருக்கும் நான் நேரில் சரியாக நன்றி சொன்னதில்லை.

அந்த இரண்டாவது கூட்டத்தின் கடைசியில் செயலாளர் செலவைப் படித்தார். சாதாரண எடிஷன், முதலில் வாங்கிய பத்து கனெக்ஷன், பிறகு ஐந்து, புரோகிராமருக்கு ஆயிரத்து ஐந்நூறு. விளக்குப் படத்துக்கு ஸ்டுடியோவில் கொடுத்த நாற்பது ரூபாயை நான் என் கையிலிருந்து போட்டிருந்தேன். அதையும் சேர்க்க வேண்டும் என்று பொருளாளர் பிடிவாதம் பிடித்ததால், ஆக மொத்தம் அறுபத்தோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய்.